வைஃபை கோடு முழுதாக இருந்தும் நெட் வராதது ஏன்?

“வைஃபை வரல” என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அதற்குக் குறைந்தது ஐந்து பொருள் உண்டு. போனில் வைஃபை பெயரே தெரியாமல் இருக்கலாம். பெயர் தெரிந்தும் இணையாமல் இருக்கலாம். இணைந்த பிறகும் ஒரு பக்கமும் திறக்காமல் இருக்கலாம். வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருக்க, மற்ற தளங்கள் மட்டும் மறுக்கலாம். எல்லாமே திறந்து, ஆமை வேகத்தில் நகரலாம். இந்த ஐந்தும் ஐந்து வெவ்வேறு இடத்துக் கோளாறுகள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது: ரவுட்டரை அணைத்துப் போடுவது. அது பலிக்காவிட்டால் பின்பக்கத்து ரீசெட் ஓட்டையில் குண்டூசியால் குத்துவது. இந்த இரண்டாவது வைத்தியம் பல நேரம் இருந்ததையும் கெடுத்துவிடுகிறது.

கோளாறு எந்த இடத்தில் என்று பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

வைஃபை வேறு, இணையம் வேறு

வீட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து வாசல் வரை வருவது மாநகராட்சி இணைப்பு. வாசலிலிருந்து சமையலறை வரை ஓடுவது வீட்டுக்குள் போட்ட பைப். வீட்டுப் பைப் புத்தம்புதிதாக, ஒரு கசிவும் இல்லாமல் இருக்கலாம். தெருவில் தண்ணீர் விடவில்லை என்றால் குழாயில் காற்றுதான் வரும். வைஃபை என்பது அந்த வீட்டுப் பைப். உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே சில மீட்டர் தூரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ரேடியோ இணைப்பு அது. வீட்டுக்கு வெளியே அதற்கு எந்த வேலையும் கிடையாது.

உண்மையில் நடப்பது இதுதான். போன் கேட்பதை ரேடியோ அலையாக ரவுட்டர் வாங்குகிறது. ரவுட்டர் என்பது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் போக்குவரத்தையும் ஒரே வெளி இணைப்பில் அனுப்பி, திரும்பி வரும் பதிலை உரிய கருவிக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில், இழையில் வரும் ஒளியை மின்சைகையாக மாற்ற ஓஎன்டி என்ற பெட்டி உண்டு. இப்போது பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்துத் தருகின்றன. அதன் பிறகு தெருக் கேபிள், நிறுவனத்தின் கருவிகள், கடைசியில் நீங்கள் பார்க்க விரும்பும் தளத்தின் சர்வர்.

போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகள் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை மட்டுமே அளக்கின்றன. சோதித்துப் பார்க்கலாம்: ஓஎன்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருக்கும் வீட்டில், ரவுட்டருக்குப் பின்னால் ‘வேன்’ (WAN) என்று எழுதிய துளையிலுள்ள கேபிளைக் கழற்றுங்கள். நெட் உடனே நின்றுவிடும். கோடுகளில் ஒன்றுகூடக் குறையாது. சிறிது நேரத்தில் அந்தக் கோடுகளின் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியோ, “இணையம் இல்லை” என்ற வரியோ வரும். போன் அவ்வப்போது வெளியே ஒரு குறிப்பிட்ட முகவரிக்குச் சிறு கேள்வி அனுப்பிப் பார்க்கிறது. பதில் வராதபோது காட்டும் குறி அது. ஆகவே கோடுகளைவிட அந்த ஆச்சரியக்குறிதான் கவனிக்க வேண்டியது.

இதுவரை: கோடு என்பது போன் முதல் ரவுட்டர் வரை. ஆச்சரியக்குறி என்பது அதற்கு அப்பால் எங்கோ அறுந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

பெட்டியின் விளக்குகள்

கணினியைத் தொடுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். ஓஎன்டியில் முக்கியமானவை மூன்று விளக்குகள். ‘பவர்’ என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ‘பான்’ (PON) பச்சையாக நின்று எரிந்தால், உங்கள் பெட்டி நிறுவனத்தின் கருவியோடு பேசி, தன்னைப் பதிவு செய்துகொண்டுவிட்டது என்று பொருள். ‘எல்ஓஎஸ்’ சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, இழை வழியாக ஒளியே போதிய அளவு வந்து சேரவில்லை.

ஒளி வராததற்குத் தெருவில் கேபிள் அறுந்தது காரணமாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்குள்ளேயே காரணம் இருப்பதும் சகஜம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதன் உட்சுவரில் மீண்டும் மீண்டும் பிரதிபலித்துத்தான் ஒளி முன்னே செல்கிறது. இழையை ஒரு அளவுக்கு மேல் மடக்கினால் அந்த வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். இழை உடையாமலேயே இணைப்பு போய்விடும். மிச்சக் கேபிளை இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டியிருக்கிறார்களா, சோபாவோ பீரோவோ நகர்த்தியபோது நசுங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுருளை உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் தளர்த்திவிட்டால் சில நேரம் சிவப்பு விளக்கு அங்கேயே அணைந்துவிடும். முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். சட்டைத் துணியால் துடைப்பதும் கூடாது. கீறலோ தூசோ விழுந்தால் ஒளி இன்னும் குறையும்.

மடிப்பு ஏதும் இல்லை, எல்ஓஎஸ் இன்னும் சிவப்பு என்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. நெட்காரரைக் கூப்பிட்டு “எல்ஓஎஸ் சிவப்பா இருக்கு” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஆள் எந்தக் கருவியோடு வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பான் பச்சை, எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, ஆனால் ரவுட்டரின் ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ஒளி வருகிறது, உங்கள் கணக்கு உள்ளே நுழையவில்லை. பிளான் முடிந்திருக்கலாம். அல்லது ரவுட்டருக்குள் பதிந்திருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்திருக்கலாம். ரீசெட் ஓட்டையைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். அணைத்துப் போடுவது ரவுட்டரின் தற்காலிக நினைவை மட்டும் அழிக்கும். ரீசெட் துளையைப் பத்து நொடி அழுத்தினால் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும்: வைஃபை பெயர், கடவுச்சொல், நிறுவனம் ஏற்றிவைத்த உள்நுழைவு விவரம் எல்லாமே காலி. அந்த விவரம் கையில் இல்லாமல் பெட்டிக்கு உயிர் வராது.

அணைத்துப் போடுவதிலும் ஒரு வரிசை உண்டு. இரண்டு பெட்டி இருந்தால் இரண்டையும் அணைத்து, முப்பது நொடி விடுங்கள். உள்ளேயிருக்கும் மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்க அந்த நேரம் போதும். முதலில் ஓஎன்டியைப் போட்டு, பான் விளக்கு நின்று எரியும் வரை காத்திருங்கள். பிறகு ரவுட்டர். ஒரே நாளில் பெட்டி தானாகவே பலமுறை அணைந்து எரிகிறது என்றால் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரைப் பாருங்கள். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அடாப்டரிலும் இருக்க வேண்டும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது, கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

மூன்று பிங்

விளக்கெல்லாம் சரி, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. இப்போது கணினியிடமே கேட்க வேண்டும். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு தகவல் பொட்டலம் அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லி நொடியில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை. மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

விண்டோஸ் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் சிஎம்டி என்று மூன்றெழுத்துத் தட்டி என்டர் அழுத்தினால் கறுப்புத் திரை திறக்கும். அதில் ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முகவரியைக் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே மூன்று முகவரிகள்.

முதல் முகவரி உங்கள் ரவுட்டர். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். பதில் ஐந்து, பத்து மில்லி நொடிக்குள் சீராக வந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது. 3, 180, 42, அடுத்தது பதிலே இல்லை என்று தாறுமாறாக வந்தால் கோளாறு வீட்டுக்குள், காற்றில். நிறுவனத்துக்குப் போன் செய்து பயனில்லை.

இரண்டாவது 8.8.8.8. இது கூகுள் 2009இல் தொடங்கிய பொதுச் சேவை ஒன்றின் முகவரி. எண் நினைவில் நிற்கிறது, பதிலும் தவறாமல் வரும் என்பதால் சோதனைக்கு எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ரவுட்டர் பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை என்றால் அறுந்திருப்பது ரவுட்டருக்கு வெளியே.

மூன்றாவது, எண்ணுக்குப் பதிலாகப் பெயர்: கூகுள் தளத்தின் முழுப் பெயரை (google.com) கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். டிஎன்எஸ் என்பது நாம் தட்டும் தளப் பெயரை, கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தது. நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் படுத்துவிட்டால் இணைப்பு உயிரோடு இருக்கும், எந்தத் தளமும் திறக்காது. ஏற்கெனவே திறந்திருக்கும் சில ஆப்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். “வாட்ஸ்அப் வருது, மத்தது வரல” என்ற புகாரில் இதை முதலில் சந்தேகிக்கலாம். ரவுட்டர் அமைப்பிலோ கணினியின் நெட்வொர்க் அமைப்பிலோ டிஎன்எஸ் முகவரியாகக் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்ற இரண்டு பொது டிஎன்எஸ் முகவரிகளையும் போட்டால் சரியாகிவிடும். ஆண்ட்ராய்டு போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்க எப்போதோ யாரோ அதில் ஒரு பெயரைப் போட்டுவைத்திருப்பார்கள். அந்தச் சேவை நின்ற நாளில் போனில் நெட்டும் நின்றுபோகும். அதை ‘தானியங்கி’ என்று மாற்றுங்கள்.

சில வேளை உங்கள் வீட்டில் எதுவுமே கெட்டிருக்காது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. அந்த நிறுவனத்தின் உள்வலையில் நடந்த ஒரு பராமரிப்புத் தவறால், அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. அன்று யார் வீட்டு ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஒரே ஒரு தளம் மட்டும் வரவில்லை என்றால், போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் வரவில்லை என்றால் காத்திருப்பதே வழி.

இன்னொரு அடையாளம்: கணினிக்குக் கிடைத்த ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ஐபி முகவரி என்பது வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண். வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்தும் அதே எண் வந்தால், அணைத்துப் போட வேண்டியது ரவுட்டரை.

இதுவரை: ரவுட்டர் பதில் சொல்லவில்லையா, வைஃபை. ரவுட்டர் சொல்லி 8.8.8.8 சொல்லவில்லையா, வெளி இணைப்பு. எண் சொல்லிப் பெயர் சொல்லவில்லையா, டிஎன்எஸ்.

நெட் வருகிறது, வேகம் இல்லை

முதலில் ஒரு கணக்கு. பிளானில் எழுதியிருக்கும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். கோப்பு இறக்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். பதினொன்று, பன்னிரண்டு வந்தால் உங்களுக்குச் சேர வேண்டியது முழுதும் வந்துவிட்டது. “நூறுன்னு சொல்லி பதினொண்ணுதான் தர்றான்” என்ற கோபத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்கு தெரியாததால் வருகிறது.

பெரும்பாலான வீடுகளில் வைஃபை இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது சுவரைத் தாண்டி எட்ட அறை வரை போகும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். இரண்டாவது வேகமானது, இரண்டு சுவருக்குள் களைத்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே போன் 2.4இல் இணைந்திருந்தால் வேகத்தை வீணடிக்கிறீர்கள். கோடு முழுதாகத்தான் தெரியும்.

2.4இல் நெரிசலுக்குக் காரணம் இடம் பற்றாமை. அதிலுள்ள சேனல்களின், அதாவது அலைவரிசையின் உட்பிரிவுகளின், எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு ரவுட்டர் பேசும்போது சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடியில் மூன்றும் நிரம்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஆளில்லாத இடம் என்று 4ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அது தப்பு. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசுவதை மற்றது கேட்டு, முறை வைத்துக்கொள்ளும். 4இல் போனால் 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் நீங்கள் வெறும் இரைச்சல்; உங்களுக்கும் அவர்கள் அப்படியே. எல்லோருடைய வேகமும் கெடும்.

வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிதான் பேச முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது. கடைசி அறையில் சிக்னல் தேய்ந்த நிலையில் வீடியோ ஓடும் பழைய போன் ஒன்று, அதே அளவு தகவலை மெல்ல மெல்லப் பேசி வாங்குகிறது. அது பேசி முடிக்கும் வரை ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பும் காத்திருக்கிறது. வேகம் குறைவது ஒருவருக்கு, காரணம் இன்னொருவர். அந்தப் போனை நகர்த்தினாலே வீடு முழுக்க வேகம் கூடுவதுண்டு.

ரவுட்டரை வைக்கும் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கேபிள் நுழையும் இடத்திலேயே, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் மேலோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உலோகம் அலையைத் திருப்பிவிடும். தண்ணீர் உறிஞ்சிவிடும், மீன் தொட்டி, தண்ணீர் டிரம் பக்கத்தில் வேண்டாம். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் செங்கல் சுவரைவிட அதிகம் தடுக்கும். அதனால்தான் கீழ்வீட்டு ரவுட்டர் மாடியில் இழுக்கத் திணறுகிறது. வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். ஓஎன்டியிலிருந்து ரவுட்டர் வரை இன்னும் சில மீட்டர் லேன் கேபிள் இழுக்கும் செலவு, புதிய ரவுட்டர் வாங்கும் செலவைவிட மிகக் குறைவு.

வேகச் சோதனையை வைஃபையில் செய்து நிறுவனத்தோடு சண்டை போட முடியாது. லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் சொருகிச் சோதியுங்கள். அங்கே ஒரு விசித்திரம் எதிர்ப்படலாம். 200 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் எப்போது சோதித்தாலும் 94, 94, 94. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி ஆணியடித்தது போல நிற்கும் எண் நிறுவனத்தின் குறையாகப் பெரும்பாலும் இருக்காது. லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள் உண்டு. நொடிக்கு ஆயிரம் மெகாபிட் போக எட்டும் வேண்டும். நூறு போக நான்கு போதும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனை கழன்றாலோ, இரு பக்கமும் பேசி நூறுக்கு இறங்கிவிடும். அந்த நூறில் பொட்டலங்களின் மேலுறைச் செலவு போக மிஞ்சுவது சுமார் 94. கேபிளை மாற்றுங்கள். அப்படியும் 94 என்றால் ரவுட்டரின் துளையோ ஓஎன்டியின் துளையோ நூறுக்கு மேல் தாங்காத வகை.

இதுவரை: எட்டால் வகுத்துப் பாருங்கள். அலைவரிசையைப் பாருங்கள். கேபிளில் சோதியுங்கள்.

ஒரு கணினியில் மட்டும் வரவில்லை என்றால்

மற்ற எல்லாக் கருவியிலும் நெட் ஓடி, ஒன்றில் மட்டும் நின்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். லேப்டாப்பில் விமானப் பயன்முறை தவறுதலாக ஆன் ஆகியிருக்கலாம். சோதனைக்காகப் போட்ட விபிஎன் (போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் மென்பொருள்) அணையாமல் இருக்கலாம்.

பழைய மேசைக் கணினியில் ஒரு கோளாறு ஆட்களை வெகுவாக அலைக்கழிக்கும். மூன்று பிங்கும் ஒழுங்காக வரும். ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பு எச்சரிக்கை. வைரஸ் என்று பயந்து விண்டோஸையே அழித்துப் போடுகிறார்கள். திரையின் கீழ்மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருக்கும். ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்குச் சான்றிதழ் ஒன்று வைத்திருக்கிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கணினியின் தேதி அதற்கு வெளியே போனால் எல்லாச் சான்றிதழும் அதன் கண்ணுக்குச் செல்லாதவையே. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்ததுதான் காரணம். பெரும்பாலான மதர்போர்டுகளில் அது சிஆர் 2032, மூன்று வோல்ட். கணினியை அணைத்து, மின்கம்பியை உருவி, பழையது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே வருமாறு புதியதைப் போட்டு, தேதியைச் சரிசெய்தால் எச்சரிக்கை மறைந்துவிடும்.

புகார் செய்யும்போது

கோளாறு வெளியில்தான் என்று உறுதியான பிறகு கூப்பிடுங்கள். என்ன விளக்கு எப்படி எரிகிறது, ரவுட்டருக்கும் 8.8.8.8க்கும் பிங் எப்படி வருகிறது, கேபிளில் சோதித்த வேகம் என்ன என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு பேசினால், “ரவுட்டரை அணைச்சுப் போடுங்க சார்” என்ற முதல் பதிலைத் தாண்டி வேகமாகப் போகலாம். இரவில் மட்டும் வேகம் படுத்துவிடுகிறது என்றால் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் கேபிளில் சோதித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரே தெரு இணைப்பைப் பல வீடுகள் பகிர்வதால் வரும் நெரிசல் அது. அதை நிறுவனம்தான் தீர்க்க முடியும்.

இந்தியாவில் புகார் செய்தவுடன் பதிவு எண் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிப்படி, முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்று இரண்டு படிகள் இருக்கின்றன. தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. இரண்டாம் படிக்குப் போக அந்தப் பதிவு எண் கையில் இருக்க வேண்டும்.